நூரிலாவுக்கு மட்டும் சொல்லவில்லை

பூம் பள்ளத்தாக்கிலிருந்து ஏரியின் கிழக்கு முனை வரைக்கும் அந்த ரோட்டில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். லாரிக்காரனுக்குத் தெரியும். மீன் விற்கிறவளுக்குத் தெரியும். டீத்தண்ணி ஊற்றுகிறவளுக்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே ஆள் ஷர்ஷெனின் மகள் நூரிலா. செத்தது அவளுடைய அப்பா.

எங்கள் ஊரில் இது வழக்கம். வெளியூரில் இருப்பவர்களிடம் சாவுச் செய்தியைப் போனில் சொல்ல மாட்டார்கள், வழியில் சொல்ல மாட்டார்கள். ஆளை வீட்டுக்கு வரவழைத்து, உட்காரவைத்து, டீ கொடுத்து, இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்திக்கொண்டு, ஒரு பெரியவர் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும். கேட்டதும் நெஞ்சு வெடித்துவிடக் கூடாதாம். அதுவரைக்கும் யார் வாயைத் திறந்தாலும் பாவம். "அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, வந்துட்டுப் போ" என்பார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் தெரியும். அர்த்தம் எல்லாருக்கும் தெரிந்த பிறகு அப்புறம் என்ன மண்ணாங்கட்டிக்கு அந்த வார்த்தை? கேட்கக் கூடாது.

நூரிலா கேட்கிற ஜாதி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அறுவடை எந்திரம் ஓட்டுகிற ஷர்ஷெனுக்கு மூத்தவன் ஜபார், அடுத்தவள் இவள். ஜபாருக்கு வாயே கிடையாது, அதையும் சேர்த்து இவளுக்கு வைத்துவிட்டான் கடவுள் என்று அப்பா சொல்வார். பக்கத்து டவுன் கரகோலில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். இவள் அழவில்லை. அவனுடைய சட்டை துணிமணியெல்லாம் மூட்டை கட்டி மாமியார் வாசலில் போட்டுவிட்டு வந்தவள், கரகோலில் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். சைக்கிளில் ஊர் சுற்றுகிற வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற விடுதி. அவர்களுடைய சேறு படிந்த துணிகளைத் துவைப்பது, படுக்கை விரிப்பது, மாவு பிசைந்து நூடுல்ஸ் வெட்டுவது, இதுதான் வேலை. பதினோரு வருஷம் செய்தாள்.

அவர்கள் சாப்பிடும்போது கேட்பார்கள்: "அர்ஸ்லான்பாப் வால்நட் காட்டைப் பார்த்திருக்கிறாயா? டோக்தோகுல் நீர்த்தேக்கம் என்ன நீலம் தெரியுமா?" இவள் எதையும் பார்த்ததில்லை. பூமியின் அந்தக் கோடியிலிருந்து வந்தவன் என் நாட்டைப் பற்றி எனக்கே வகுப்பு எடுக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவன் விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று தன் சிவப்புச் சைக்கிளை அவளிடமே விட்டுவிட்டுப் போனான். நாற்பது வயதில், ஆப்பிள் தோட்டத்துக்குள் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினாள். முழங்கால் இரண்டும் பட்டாணி உரித்த மாதிரி ஆயிற்று.

"மலைக்கு அந்தப் பக்கம், ஓஷ் வரைக்கும் போகப் போறேன்" என்று அப்பாவிடம் சொன்னபோது ஷர்ஷென் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

"போறது என்னடி பெரிசு? உன் வீட்டுக்காரன்கூடத்தான் போனான். திரும்பி வந்தானா? வரதுல இருக்கு சாமர்த்தியம். சைக்கிளைப் பஸ்ல போட்டு ஓஷ்ல இறங்கு. அங்கேர்ந்து என் வாசக் கதவு வரைக்கும் மிதிச்சு வா. நடுவுல எவன் வண்டியிலயும் ஏறக் கூடாது."

"வந்தா?"

"அந்தச் சாம்பல் கடாவை அறுத்து, தலையை உன் தட்டுல வைக்கிறேன்."

கடாத்தலை பந்தியில் இருக்கிற மூத்த ஆம்பளைக்குத்தான் போகும். பெண்ணுக்கு வைத்ததாக எங்கள் பக்கத்தில் கேள்விப்பட்டதே இல்லை.

"ஊர்ப் பெருசுங்க சும்மா விடுவாங்களா?"

"என் கடா, என் தட்டு. எவன் கேக்கறது? ஆனா நீ வண்டியில ஏறினேன்னு வை, நான் ஜெயிச்சேன். அந்தச் சிவப்புச் சனியனை வித்துட்டுப் பசு வாங்கிக் கட்டு."

இந்த ஒரு தலைக்காகத்தான் அவள் மிதித்தாள். கறிக்காக இல்லை. தன் வாழ்நாளில் ஒரு தடவை அந்த மனுஷன் ஊர் பார்க்கத் தன்னை மதிப்பதைப் பார்க்க வேண்டும்.

ஓஷிலிருந்து கிளம்பி மலைகளை மிதித்துக் கடந்தாள். நாய் துரத்தியது, மழை அடித்தது, ஒரு கணவாயில் டயர் கிழிந்து ஆட்டுத்தோலை உள்ளே வைத்துத் தைத்து ஓட்டினாள். வழியெல்லாம் சண்டைதான். "புருஷன் எங்கே?" என்று கேட்டவனுக்கு "உன் பொண்டாட்டியைக் கேளு" என்றாள். "பிள்ளை குட்டி இல்லையா?" என்று கேட்ட கிழவிக்கு ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். ஆட்கள் அவளிடம் அவ்வளவு அன்பாக ஒன்றும் நடந்துகொள்ளவில்லை. வெளிநாட்டுக்காரன் என்றால் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள், நம்மூர்ப் பெண் தனியாக வந்தால் முறைப்பார்கள்.

பூம் பள்ளத்தாக்குக்கு முந்தின ஊரான டோக்மோக் வந்து சேர்ந்த சாயங்காலம் ஜபார் போன் பண்ணினான். அவனாகப் போன் பண்ணுகிற ஆளே இல்லை.

"என்ன சாப்பிட்டே?" என்றான்.

"சமோசா. ஏன்?"

"சூடா இருந்துச்சா?"

"என்னண்ணே கேள்வி இது? அப்பா எங்கே?"

"படுத்திருக்கார்."

"பந்தயத்துல தோக்கப் போறாருன்னு சொல்லு. கடாவுக்கு நல்லாத் தீனி போடச் சொல்லு."

"சரி" என்றான் ஜபார். பிறகு வைத்துவிட்டான்.

மறுநாள் விடிவதற்குள் ஷர்ஷென் போய்விட்டார்.

பூம் பள்ளத்தாக்கில் எதிர்க்காற்று ஆளைப் பின்னால் தள்ளும். நூரிலா சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு லாரி பக்கத்தில் வந்து ஊர்ந்தது. அடுத்த ஊர் ஜுமாஷ். சந்தைக்குச் சரக்கு ஏற்றுகிறவன்.

"தங்கச்சி, ஏறு. நான் நம்மூருக்குத்தான் போறேன்."

"நீ போ. எனக்குப் பந்தயம் இருக்கு."

"பந்தயமாவது ஒண்ணாவது. காத்தைப் பாரு. ஏறும்மா, சைக்கிளைப் பின்னால போட்டுக்கலாம்."

"ஏன், என்னை ஏத்திட்டுப் போனா உனக்கு எவனாவது மெடல் குடுக்கறானா?"

ஜுமாஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விழித்தான். ஜபார் அவனிடம் காலையில் போனில் அழுதிருக்கிறான். எப்படியாவது ஏற்றிக்கொண்டு வா, ஆனால் வாயைத் திறக்காதே, மலைப்பாதையில் தனியாக இருக்கிறாள், கேட்டால் விழுந்துவிடுவாள்.

"அண்ணன் சீக்கிரம் வரச் சொன்னான்" என்றான்.

நூரிலா பிரேக் போட்டாள். "ஏன்? அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்படியே புரிந்துகொண்டு லாரியில் ஏறி, அன்று சாயங்காலமே அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். ஆனால் சொன்னால் விஷயத்தையே சொன்னதாகிவிடும், அந்தப் பாவம் தன் தலையில் விழும் என்று ஜுமாஷுக்குப் பயம். வாயில் கொழுக்கட்டை அடைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் சொன்னான்:

"சேச்சே! உங்கப்பனுக்கென்ன, காளை மாதிரி இருக்கார்!"

"அப்ப நீ போ."

அவன் போகவில்லை. லாரியை அவளுக்கு முன்னால் விட்டு, நடை வேகத்தில், காற்றைத் தன் மேல் வாங்கிக்கொண்டு பள்ளத்தாக்கு முடிகிற வரைக்கும் உருட்டிக்கொண்டே போனான். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போயின. பின்னால் இவளும் திட்டிக்கொண்டே மிதித்தாள்.

"என்னய்யா, உன் புகையைக் குடிக்கவா நான் ஓஷ்லேர்ந்து வரேன்?"

அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், அழுதுகொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்திருக்கும். அழுகையால் யாருக்கு என்ன லாபம்?

ஏரி ஆரம்பிக்கிற பலிக்சியில் ரோட்டோரம் புகைபோட்ட மீன் விற்கிற அனார்குல், ஜபாரின் மனைவிக்குத் தூரத்து உறவு. நூரிலாவைக் கண்டதும் கூடையை விட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். விலை பேசவே விடவில்லை. பெரிய மீனாகப் பார்த்துக் கையில் திணித்தாள். வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காலுக்கு வெந்நீர் வைத்தாள், புதுப் போர்வை விரித்தாள்.

"என்னக்கா, போன வருஷம் அரைக் கிலோ மீனுக்கு என்னோட அவ்வளவு சண்டை போட்டியே?" என்று நூரிலா சிரித்தாள்.

"போனாப் போகுது, அதையெல்லாம் இப்ப எதுக்கு" என்று அனார்குல் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "காலைல காருக்குச் சொல்லட்டுமா? சீக்கிரமாப் போயிடலாம்."

"என்ன எல்லாரும் என்னைக் காருக்குள்ள தள்றதுலயே குறியா இருக்கீங்க? அப்பா லஞ்சம் குடுத்து வச்சிருக்காரா?"

அனார்குல் எழுந்து வெளியே போய்விட்டாள். சாயங்காலம் ஜபார் மறுபடி கூப்பிட்டான்.

"என்ன சாப்பிட்டே?"

"மீன். அப்பாகிட்டக் குடு போனை."

"தூங்கறார்."

"இந்நேரத்துக்கா? வெளிச்சம் இருக்கும்போதே தூங்கற ஆளா அவரு?"

"களைப்பு."

"கடாவைக் கட்டிப் போட்டாச்சா?"

"கட்டிப் போட்டாச்சு" என்றான் ஜபார். அந்த நேரத்தில் முற்றத்தில் போட்ட கம்பளிக் கூடாரத்துக்குள் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் உட்கார வேண்டிய இடம் தலைமாட்டில் காலியாக இருந்தது. ஜபார் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து நின்று போன் பேசினான்.

செய்தி அவளுக்கு முன்னால் ஓடிவிட்டிருந்தது, மறுநாள் ஏரிக்கரை முழுக்க அவளுக்கு ராஜ உபசாரம். டீக்கடைக்காரி காசு வாங்கவில்லை. ஒருத்தி ஆப்ரிகாட் பழத்தைப் பையில் கொட்டினாள். ரோட்டில் மறித்த போலீஸ்காரன்கூட "பார்த்துப் போம்மா" என்று தொப்பியைக் கழற்றினான். போலீஸ்காரன்! நூரிலாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. இத்தனை வருஷம் அந்த வெளிநாட்டுக்காரர்கள் 'உங்க ஜனங்க எவ்வளவு அன்பானவங்க' என்று சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் பல்லைக் கடித்தவள், அன்றைக்கு முதல் தடவையாக அதை நம்பினாள். அதை நினைத்தால் எனக்கு வருகிற ஆத்திரம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

அடுத்த நாள் காலை, ஏரிக்கரை ஊரான சோல்பான்-அத்தாவைத் தாண்டியதும் எதிரில் ஒரு வெளிநாட்டுக்காரன் சைக்கிளில் வந்தான். நாலு பக்கமும் பை, வெயிலில் உரிந்த மூக்கு. சைக்கிள்காரர்கள் எதிரெதிரே பார்த்தால் நிற்பார்கள். நின்றார்கள். நூரிலாவுக்கு விடுதியில் கற்ற அரைகுறை இங்கிலீஷ் இருந்தது. எங்கே தண்ணீர், எங்கே ஏற்றம் என்று பேசினார்கள்.

"நேத்து மத்தியானம் ஒரு ஊர்ல எனக்கு விருந்தே குடுத்தாங்க!" என்றான் அவன் சந்தோஷமாக. "ரோட்டுல போனவனைக் கூப்பிட்டு உட்காரவச்சாங்க. பெரிய கூடாரம், குதிரைக்கறி. ஏதோ பெரிய விசேஷம்போல. ஆனா சிலபேர் அழுதாங்க. படம் பாரு."

போனை நீட்டினான். நீலக் கதவு. கதவில் பழைய டிராக்டர் சக்கரத்தின் வளையம் பதித்திருந்தது, ஷர்ஷென் தானே வெட்டிப் பற்றவைத்தது. உள்ளே வெள்ளைக் கூடாரம். அதன் முன்னால் இடுப்பில் துணி கட்டி, கம்பை ஊன்றிக் குனிந்து நின்றவன் ஜபார். எங்கள் ஊரில் மகன்கள் எப்போது அப்படி நிற்பார்கள் என்று அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாவம், அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது. முந்நூறு கிலோமீட்டரில் அவன் ஒருத்தன்தான் அவளிடம் உண்மையைச் சொன்னான்.

"எப்ப எடுத்தே?" என்றாள்.

"நேத்துன்னு சொன்னேனே. ஏன், என்ன ஆச்சு?"

அதற்குள் ஒரு கார் சர்ரென்று வந்து நின்றது. ஜுமாஷ். மச்சான் காரை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். இறங்கும்போதே வழியெல்லாம் மனப்பாடம் செய்த பொய்யை ஆரம்பித்தான். "தங்கச்சி, அந்தக் கடா அத்துக்கிட்டு ஓடிப் போச்சு, அப்பா உன்னை உடனே..."

நூரிலா போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஜுமாஷ் படத்தைப் பார்த்தான். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்ப எடுக்கறாங்க?"

"மத்தியானம்."

"எந்திரி. எந்திரிடா நாயே, வண்டியை எடு!"

போனை அந்தப் பையன் கையில் திணித்துவிட்டு, சைக்கிளைத் தூக்கி டிக்கியில் எறிந்தாள். காரில் ஏறும்போது ஒரு நொடி கால் தயங்கியது. பிறகு ஏறினாள். வழியெல்லாம் அவள் அழவில்லை, கத்தினாள். "காளை மாதிரி இருக்கார்னு சொன்னியே! எந்த வாயால சொன்னே? காத்தை மறைச்சியாம் காத்தை! உன் லாரியைக் கொளுத்த!" ஜுமாஷ் ஆக்சிலேட்டரை மிதித்தான். துப் ஆற்றுப் பாலத்தருகே ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அவள் இறங்கி ஆடுகளை உதைத்து விரட்டினாள்.

ஊருக்குள் நுழைந்தபோது ஆம்பளைகள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருடைய பூட்ஸிலும் ஈர மண். மண்வெட்டி வைத்திருந்தவன் அவளைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

இத்தனைக்குப் பிறகும் அவர்கள் விடவில்லை. வீட்டுக்குள் கூட்டிப்போய் மெத்தையில் உட்காரவைத்தார்கள். டீ வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரே ஊருக்கு மூத்த பெய்ஷே தாத்தா உட்கார்ந்து, தாடியைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார்:

"மகளே, மலையும் ஒரு நாள் தேயும். ஓடற ஆறும்..."

"நிறுத்துங்க தாத்தா."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா, காது குடுத்துக் கேட்டாத்தான்..."

"எங்கப்பா செத்துட்டாரு. புதைச்சிட்டு வந்திருக்கீங்க. உங்க பூட்ஸ்ல இருக்கற மண்ணு அவர் மேல போட்ட மண்ணு. இன்னும் எதைச் சொல்லப் போறீங்க?"

அப்போதுதான் பெய்ஷே தாத்தாவின் முன்னால் இருந்த தட்டு அவள் கண்ணில் பட்டது. கடாத்தலை. ஒரு காதும் கன்னமும் அறுத்துத் தின்றாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வேலிமேல் சாம்பல் நிறத் தோல் காய்ந்தது.

நூரிலா அண்ணனைத் தேடினாள். வாசற்படியில் கம்போடு நின்றான்.

"அதை எதுக்குடா அறுத்தே?"

"குதிரைக்கறி பத்தலை" என்றான் ஜபார். "நூரிலா, நான்..."

"ஏண்டா சொல்லலை? போன் பண்ணியே, ரெண்டு தடவை பண்ணியே! முதல்நாளே பண்ணியே!"

ஜபார் கம்பை மறுபடி தரையில் ஊன்றினான். "முதல்நாள் அவர் உயிரோடதான் இருந்தார்."

பெய்ஷே தாத்தாகூடத் தலையைத் தூக்கினார்.

"மூச்சு வாங்கிச்சு. தினமும் போலத்தான் கேட்டார், நூரிலா எங்கே வந்திருக்காள்னு. டோக்மோக்னு சொன்னேன். அவளைக் கூப்பிடுடா, பந்தயமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கார்ல ஏறி வரச் சொல்லு, பார்க்கணும்னார். அதுக்குத்தான் போன் பண்ணினேன்."

"என்ன சாப்பிட்டேன்னு கேட்டே."

"எப்படிச் சொல்றது?" ஜபார் குழந்தை மாதிரிக் கத்தினான். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வான்னு சொன்னா, செத்துட்டார்னுதானே நீ நினைப்பே? உயிரோட இருக்கற மனுஷனைப் பத்தி அப்படி எப்படிச் சொல்றது? காலைல சரியாயிடும்னு நினைச்சேன். விடிஞ்சதும்... அப்புறம் சொல்லவே முடியலை. நீயும்தானே, பக்கத்து வீட்டு சாய்ராவோட மகன் மாஸ்கோவில செத்தப்ப, அவகிட்ட ஒண்ணும் சொல்லாம ராத்திரி முழுக்க அவகூட உட்கார்ந்து சிரிச்சுச் சிரிச்சு மாவு பிசைஞ்சே?"

அது உண்மை. உண்மையாக இருந்ததனால் நூரிலாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. டீக் கிண்ணத்தைச் சுவரில் அடித்தாள். பிடித்திருந்த பெண்களை உதறினாள். டிக்கியிலிருந்து சைக்கிளை இழுத்துப் போட்டாள்.

"எங்கே போறே? பொம்பளைங்க இடுகாட்டுக்குப் போகக் கூடாது!" என்று யாரோ கத்தினார்கள். "இன்னிக்காவது அடங்கு!" பெய்ஷே தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். ஜபார்தான் குறுக்கே போய் நின்றான். பிறந்ததிலிருந்து யாரையும் எதிர்த்துப் பேசாதவன், தன் கையிலிருந்த கம்பைக் கதவுக்குக் குறுக்கே நீட்டி எல்லாரையும் உள்ளேயே நிறுத்தினான்.

"போகட்டும்" என்றான்.

இடுகாட்டு மேடு ஊருக்குப் பின்னால். பாதையில் புது மண் சிந்தியிருந்தது. ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த டயர் திணறியது. ஒரு இடத்திலும் அவள் இறங்கித் தள்ளவில்லை. குவியல் இன்னும் ஈரமாக இருந்தது. அதன் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்க நின்றாள்.

"வந்துட்டேன்" என்றாள். "சோல்பான்-அத்தா வரைக்கும் மிதிச்சேன். அதுக்கப்புறம் ஜுமாஷ் கார்ல ஏறிட்டேன்."

காற்று அடித்தது. மண் குவியலில் அழுத்தமாக யாருடைய பூட்ஸ் தடமோ பதிந்திருந்தது. அதைக் கையால் தேய்த்து அழித்தாள்.

"நீதான் ஜெயிச்சே, போ. நாளைக்கே இதை வித்துட்டுப் பசு வாங்கறேன். தலையை அந்தக் கிழவன் தின்னுட்டான்பா."

பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. மகள் தலைமாட்டில் உட்கார்ந்து வைக்க வேண்டிய ஒப்பாரியை, கேட்க ஒருவரும் இல்லாத அந்த மேட்டில் தனியாக உட்கார்ந்து, தொண்டை கிழிய வைத்தாள்.